விடியல் நீர்

மூன்றாவது முறை கேட்டபோதும் நிழல் அதையேதான் சொன்னது. கேள்வி நீளமானது. மூளைத் திசு மருந்தை உடலில் செலுத்தச் சம்மதமா என்று தொடங்கி, பலன், ஆபத்து, காலக்கெடு, குடும்ப அட்டை விவரம் என்று திரையில் அது ஓடிக்கொண்டே இருந்தது. பதில் மட்டும் ஒரே சொல்.

"பிறகு."

"பிறகுன்னா எப்பங்க?" என்று கேட்டாள் தாரணி. "வேண்டாம்னு சொல்லலையே. அப்ப சம்மதம்னு தான அர்த்தம்?"

மருத்துவமனையின் நிழல் அலுவலர் நஸ்ரின், திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு நாளைக்குப் பலமுறை இதே கேள்வியைக் கேட்டுப் பழகியவரின் நிதானம் அவரிடம் இருந்தது.

"சட்டத்துல சம்மதம் இருக்கு, மறுப்பு இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்லைங்க. சம்மதம்னு வராத எல்லாமே மறுப்புதான்."

"இந்த வாரம் தாண்டினா மருந்து குடுத்தும் பிரயோசனம் இல்லைன்னு டாக்டர் சொல்லீட்டாரு. அது இதுக்குத் தெரியுமா?"

"தெரியும். கேள்வியிலயே இருக்கு."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மகிழன் கிடந்தான். சிங்காநல்லூர் சிக்னலில் மழைத் தண்ணீரில் ஸ்கூட்டர் சறுக்கியதோடு சரி, கண் திறக்கவில்லை. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்பதுதான் தாரணிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி தின்றுவிட்டுப் படுத்தவனைப் போலவே இருந்தான்.

"நான் அவர் பொண்டாட்டிங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

"உங்க கையெழுத்து செல்லாதுங்க." நஸ்ரின் குரலைத் தாழ்த்தினார். "ஒரு குடும்ப அட்டைக்கு ஆயுசுக்கும் ஒரே மருந்துன்னு வந்த புதுசுல சொந்தக்காரங்க கையிலதான் முடிவு இருந்துச்சு. என்னென்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். மகனுக்கு எப்பவாவது வேணும்னு அப்பாவ விட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியிலயே பெரியவங்க பேர அட்டையிலிருந்து எடுத்தாங்க. அதனாலதான் இது. படுத்துக் கிடக்கறவங்க பேச முடியாட்டி, அவங்க எடுத்த முடிவுகளப் பாத்துக் கத்துக்கிட்ட நிழல் பேசும். வேற யாரும் பேசக் கூடாது."

வெளியே வராந்தாவில் மகிழனின் அம்மா ரேவதி உட்கார்ந்திருந்தார். மூவருக்கும் ஒரே குடும்ப அட்டை. தாரணியைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன சொல்லுச்சு?"

"பிறகுன்னுதான் சொல்லுதுங்க அத்தை."

"என்ற பையன் பொழைக்க வேண்டாம்னு சொல்லுவானா?" ரேவதி அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "உள்ள போயி நீ என்னத்தச் சொன்னயோ. மருந்து ஒண்ணுதான். வயசு இருக்கு உனக்கு. கணக்குப் போட்டிருப்ப."

தாரணிக்கு வாயைத் திறந்தால் கத்திவிடுவோம் என்று பயமாக இருந்தது.

*

உண்மையைக் கண்டுபிடித்தவன் ரக்ஷன். மகிழனின் சித்தப்பா மகன். காந்திபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மறுநாள் காலை டிபனோடு வந்தவன், நிழல் அறிக்கையை வாங்கி வரிவரியாகப் படித்தான். ஓர் இடத்தில் நின்றான். சிரித்தான். சிரிப்பை நிறுத்த முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணி, நிழல் எதுல இருந்து செஞ்சிருக்காங்கன்னு பாத்தீங்களா?"

"பேங்கு, போனு, அதெல்லாந்தான?"

"இல்ல. அண்ணன் குடுத்தது ஒண்ணே ஒண்ணு. அந்த வீடியோ கேம் கன்சோலு."

தாரணிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. நிழல் பதிவுக்காக ரேஷன் கடையில் முகாம் போட்டிருந்தார்கள். வெயிலில் நீண்ட வரிசை. மகிழன் நின்றபடியே விளையாடிக்கொண்டிருந்தான். உங்கள் முடிவுகள் பதிவான கருவி ஏதாவது கொடுங்கள் என்று மேசையில் கேட்டபோது, வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரை எடுத்துவர அலுத்துக்கொண்டு கையிலிருந்ததையே நீட்டிவிட்டான். எவ்ளோ முடிவு வேணும், ராமாயணம் மாதிரி எல்லாம் இதுல இருக்கு என்று சொல்லிச் சிரித்தான். மேசையில் இருந்த பெண்ணும் சிரித்தாள்.

"அந்தக் கடல் கேமா?"

அதற்கு ஒரு ஜப்பானியப் பெயர் உண்டு. வீட்டில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. மகிழன் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடுகிற பழைய ஆட்டம். முடிப்பான், சில மாதம் கழித்து முதலிலிருந்து தொடங்குவான். மூழ்கிக்கொண்டிருக்கும் தீவுகளுக்கிடையே நான்கு பேர் ஒரு படகில் போகும் கதை.

"அதுல விடியல் நீர்னு ஒரு மருந்து வருங்க அண்ணி. செத்தவங்களையும் எழுப்பிரும். ஆனா எந்தக் கடையிலயும் கெடைக்காது. கதை பூரா தேடுனாலும் கொஞ்சந்தான் அகப்படும். அதனால இந்த மாதிரி கேம் ஆடறவன் எவனும் அதத் தொடமாட்டான். இப்ப வேண்டாம், பெரிய எதிரி வருவான்னு வெச்சிருப்பான். பெரிய எதிரி வந்தா, இவனுக்கு இன்னொரு உருவம் இருக்கும், அதுக்கு வேணும்னு வெச்சிருப்பான். கடைசியில கேமே முடிஞ்சிரும். பையில எல்லாம் அப்படியே கெடக்கும். நானும் அப்படித்தான். ஊர்ல அத்தன பேரும் அப்படித்தான்." அவன் அறிக்கையை மடித்தான். "நிழல் அதப் பாத்து கத்துக்கிட்டிருக்கு. அரிய மருந்து கெடச்சா இவரு என்ன செய்வாரு? பிறகுன்னு வெச்சிருவாரு."

தாரணி அறிக்கையை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"வீட்டுல அவரு எதையுமே மிச்சம் வெச்சதில்லடா. தீவாளிக்கு வாங்கற மைசூர்பாகு தீவாளிக்கு முந்துன நாளே தீந்துரும். எனக்குக் கல்யாணத்துல வந்த சென்டு பாட்டில ரெண்டு மாசத்துல அவரே அடிச்சுத் தீத்தாரு."

இதையே அவள் நஸ்ரினிடமும் சொன்னாள். நஸ்ரின் குறுக்கிடாமல் கேட்டார்.

"இருக்கலாங்க. ஆனா மத்ததெல்லாம் நாலு பேரு பாக்கறாங்கன்னு செய்யறது. யாரும் பாக்காதப்ப என்ன செய்யறாங்களோ அதுதான் ஆளுன்னு சட்டம் எழுதுனவங்க நெனச்சுட்டாங்க. அதனால கேமுக்குத்தான் எடை ஜாஸ்தி."

"நெனச்சுட்டாங்கன்னு சொல்றீங்க. நீங்க நெனைக்கலையா?"

நஸ்ரின் கதவைப் பார்த்துவிட்டு இன்னொன்றைச் சொன்னார். நிழலிடம் உறவினர்கள் வாதாடக் கூடாது. ஆனால் அது கற்ற இடத்திலேயே மேலும் கற்கலாம். அந்த ஆட்டத்தைத் தொடரலாம். படகை ஓட்டுவது, ஆட்களை நிறுத்துவது போன்ற வேலைகளைத் தாரணி செய்யலாம். சண்டையில் என்ன செய்வது, பையிலிருந்து எதை எடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதை நிழல் மட்டுமே தீர்மானிக்க வேண்டும்.

"ஒரு தடவையாவது அந்தத் தண்ணிய அது எடுத்துட்டா, மறுபடி கேக்கலாங்க. எழுதிக் குடுங்க, நான் அனுமதி போட்டுத் தர்றேன்."

*

அப்படித்தான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தாரணி, பவர் பார்த்து லென்ஸ் வெட்டும் தாரணி, வாழ்க்கையில் ஒரு நாளும் தொட்டிராத அந்தக் கன்சோலைக் கணவனின் கட்டிலருகே உட்கார்ந்து கையில் எடுத்தாள். வலது பொத்தானின் மேல் எழுத்து தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. நிழலைக் கன்சோலில் ஏற்றியிருந்தார்கள்; அதிலிருந்து ஒரு கம்பி நஸ்ரினின் பதிவுப் பெட்டிக்குப் போயிற்று.

இசை தொடங்கியதும் அவளுக்கு உடல் சிலிர்த்தது. எத்தனையோ வருடங்களாகப் பக்கத்து அறையிலிருந்து கேட்ட இசை. தோசை வார்த்தபடி, அதை நிறுத்தித் தொலையேன் என்று கத்திய இசை. அது இவ்வளவு துக்கமானது என்று அப்போது தெரியவில்லை.

திரையில் நான்கு பேர் வரிசையாக நின்றார்கள். வாள் வைத்திருந்தவன் பெயர் மகி. வில்லாளிக்கும் திருடனுக்கும் ஆட்டமே வைத்த ஜப்பானியப் பெயர்கள். வெள்ளை அங்கி போட்ட வைத்தியக்காரியின் தலைக்கு மேல் 'தாரு' என்றிருந்தது.

"இது எப்ப வெச்சாரு?"

"உங்க கல்யாணம் முடிஞ்சு புதுசா ஆரம்பிச்சப்ப," என்றான் ரக்ஷன். "உங்ககிட்டச் சொல்லலையா?"

"இந்த கேமப் பத்தி எங்கிட்ட என்ன சொன்னாலும் நான்தான் காதுல வாங்கலையே."

ரக்ஷன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தான். வாள்காரன் முன்னால், வைத்தியக்காரி பின்னால். முன்வரிசையில் நிற்பவர்மேல் அடி பலமாக விழும். யாராவது விழுந்தால் வைத்தியக்காரி பாடி எழுப்பிவிடுவாள். மெல்ல மெல்ல விரல்கள் பழகின. மழை ஓயாத ஒரு துறைமுகம் வந்தது. கலங்கரை விளக்கத்தில் ஒருவன், எத்தனை முறை போய்ப் பேசினாலும், இன்றைக்குக் கப்பல் வரும் என்றே சொன்னான். தண்ணீருக்கடியில் ஒரு பள்ளிக்கூடம், கரும்பலகையில் பாதி எழுதிய பாடத்தோடு அப்படியே இருந்தது. தாரணி சில இடங்களில் படகை நிறுத்தி, போக மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு அழகான இடத்துக்குத் தினமும் போய்விட்டு வந்துதான் மகிழன் அவளோடு உட்கார்ந்து தட்டில் சாதம் பிசைந்திருக்கிறான். ஒருமுறைகூட அவள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டதில்லை.

ஆனால் அவள் வந்தது பார்ப்பதற்கல்ல. கோபுரத்தின் உச்சியில் கண்ணில்லாத அரசன் இருந்தான். அவனிடம் வேண்டுமென்றே அடி வாங்கினாள். மகி விழுந்தான். இப்போது எடு, எடு என்று அவள் மனத்துக்குள் கெஞ்சினாள். நிழல் பையைத் திறந்தது. சாதாரணப் பச்சிலையை எடுத்து வில்லாளிக்குக் கொடுத்து மூடியது. அடுத்த சுற்றில் தாரு பாடினாள், மகி எழுந்தான். மறுபடி விழுந்தான். மறுபடி பாடல். பாட வலுவில்லாமல் போனதும் நிழல் நால்வரையும் இழுத்துக்கொண்டு தப்பி ஓடியது. பையில் விடியல் நீர் வரிசையாக, நீலமாக, தொடப்படாமல் இருந்தது.

"கஞ்சன்," என்றாள் தாரணி கட்டிலைப் பார்த்து. "சாவறப்பக்கூட கஞ்சத்தனம்."

"அண்ணி, கம்முனு இருங்க. பதிவாகுது."

"ஆகட்டும். கேக்கட்டும் அந்தச் சனியன்."

வாரம் கரைந்தது. திருடனைச் சாகவிட்டுப் பார்த்தாள். மகியைக் கவசமில்லாமல் அனுப்பினாள். டாக்டர் வந்து மகிழனின் கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, அட்டவணையில் குறித்துக்கொண்டு போனார். ரேவதி வாசலில் நின்று, புருசன் கெடக்கான், இவ கேம் ஆடறா என்று நர்ஸிடம் சொன்னது நன்றாகவே கேட்டது.

கடைசி நாளுக்கு முந்தைய பிற்பகலில் தாரணி தூக்கக் கலக்கத்தில் ஆட்களை மாற்றி நிறுத்திவிட்டாள். மகி பின்னால் போய்விட்டான். தாரு முன்னால் நின்றாள். அவள் கவனிப்பதற்குள் அரசன் அடித்துவிட்டான். வெள்ளை அங்கி மடிந்து விழுந்தது.

ஐயோ என்று அவள் பொத்தானைத் தேடுவதற்குள் பை தானாகத் திறந்தது. சுட்டி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. நேராக நீல வரிசைக்குப் போனது. திரை முழுக்க வெளிச்சம் பரவியது. அதுவரை அந்த ஆட்டத்தில் கேட்டிராத ஓர் இசை எழுந்தது. தாரு எழுந்து நின்றாள்.

"எடுத்துட்டான்! டேய் எடுத்துட்டான்டா!"

ரக்ஷன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். நர்ஸ் ஓடிவந்தாள். ரேவதி என்ன ஏது என்று தெரியாமல் உள்ளே வந்து, தாரணி தன்னைக் கட்டிக்கொண்டு அழுததும் தானும் அழத் தொடங்கினார்.

*

மறுநாள் காலை நஸ்ரின் மறுபடி கேள்வியைக் கேட்டார். இந்த முறை பதில் வரக் கொஞ்சம் நேரமானது. வந்ததும் அவர் அதை இரண்டு முறை படித்தார். திரையைத் திருப்பவில்லை.

"என்னங்க? சம்மதம்தான?"

"உக்காருங்க தாரணி."

"நின்னுட்டே கேக்கறேன். சொல்லுங்க."

நஸ்ரின் படித்தார். "தனக்கு மருந்து தேவைப்பட்ட எல்லா நேரங்களிலும் இவர் அதைத் தவிர்த்துள்ளார். மனைவியின் பெயர் கொண்டவர் வீழ்ந்தபோது உடனே பயன்படுத்தியுள்ளார். எனவே குடும்ப அட்டைக்குரிய மருந்தை மனைவி தாரணிக்காகப் பாதுகாக்க வேண்டும் என்பதே நோயாளியின் விருப்பம்."

"நான் நல்லாத்தானங்க இருக்கேன்!"

"இப்ப நல்லா இருக்கீங்க."

"எனக்கு வேண்டாம். அவருக்கே குடுங்க. நான் எழுதித் தர்றேன்."

"உங்க பேர்ல பூட்டியாச்சுங்க. நீங்களா அடுத்தவங்களுக்கு விட்டுக் குடுக்க முடியாது. விட்டுக் குடுக்கச் சொல்லி யாரும் உங்கள மிரட்டக் கூடாதில்ல, அதுக்காகத்தான் அப்படி வெச்சிருக்காங்க. மேல்முறையீடு பண்ணலாம். ஆனா..." அவர் காலண்டரைப் பார்த்தார். வாரம் அன்றோடு முடிந்தது.

தாரணி கதவுவரை போய்த் திரும்பி வந்தாள்.

"எனக்குன்னு நிழலே கெடையாது. நான் பதிவு பண்ணவே இல்ல. அப்ப எனக்கு ஒண்ணு ஆனா அத எப்படி எடுப்பீங்க?"

நஸ்ரின் அவளை நிமிர்ந்து பார்க்கச் சங்கடப்பட்டார். "இந்த ஒரு வாரம் விளையாடுனீங்கல்ல? படகு ஓட்டுனது, ஆள நிறுத்துனது எல்லாம் நீங்கதான. அது போதும்னு சிஸ்டமே உங்களுக்கும் ஒண்ணு உண்டாக்கி வெச்சிருச்சுங்க."

வராந்தாவில் ரேவதி அறிக்கையை முழுக்கக் கேட்டார். அவர் தன்னை அடிப்பார் என்று தாரணி எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரேவதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மெல்ல உடைந்தது.

"உனக்குன்னு எடுத்து வெச்சிட்டுப் போறானாடி," என்றார். "நான் உன்னப் போயி என்னென்னவோ பேசீட்டேனே."

*

மழை விட்ட ஒரு மதியத்தில் மகிழன் இறந்தான்.

காரியத்துக்கு முன்னால் ஒரு நாள் தாரணி காந்திபுரம் போனாள். மகிழனின் நிழல் இன்னும் கன்சோலிலேயே இருந்தது; திருப்பி ஒப்படைத்தால் அதை அழித்துவிடுவார்கள். ஒப்படைக்கக் கெடு இருந்தது. ரக்ஷன் கடையில் கூட்டமில்லை. அவள் கவுன்டருக்கு உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்து கன்சோலை இயக்கினாள்.

"எதுக்கு அண்ணி இப்ப?"

"அந்தத் துறைமுகத்துல பேரு மாத்தற கிழவன் ஒருத்தன் இருக்கான்ல. எங்க நிப்பான்?"

ரக்ஷனின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நின்றுவிட்டது. அவள் என்ன நினைக்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. அதை அவனும் நினைத்திருந்தான் என்று அவன் முகம் சொன்னது.

"வேண்டாம் அண்ணி. போச்சாது. விட்டுருங்க."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்? கேம்னா கேம். அதுல என்ன இருக்கு?"

"எங்க நிப்பான், சொல்லு."

மீன் அங்காடிக்குப் பின்னால் நின்றான் கிழவன். யாருடைய பெயரை மாற்ற வேண்டும் என்று கேட்டான். தாரணி வைத்தியக்காரியைக் காட்டினாள். 'தாரு'வை அழித்துவிட்டு, எதிரே நின்றவனைப் பார்த்து, 'ரக்ஷன்' என்று அடித்தாள். பிறகு கோபுரத்தில் ஏறினாள். விரல்கள் இப்போது திரையைப் பார்க்காமலே வேலை செய்தன. மகியைப் பின்னால் தள்ளினாள். வெள்ளை அங்கியை முன்னால் நிறுத்தினாள். அரசன் அடித்தான்.

பை திறந்தது. சுட்டி நீல வரிசைக்குப் போனது. அதே வேகம், தயக்கமில்லை. திரை வெளுத்தது, அதே இசை எழுந்தது.

ரக்ஷன் எழுந்து நின்றான்.

வெளியே ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கடையில் நின்ற உண்மையான ரக்ஷன் சிரிக்கப் பார்த்தான். "எனக்கும் குடுத்துட்டான் பாருங்க, வள்ளல்," என்றான். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "அது... வைத்தியக்காரி விழுந்துட்டா மத்தவங்கள எழுப்ப ஆள் இல்லைங்க அண்ணி. அதனால அவள மொதல்ல எழுப்பித்தான் ஆகணும். ஆடறவங்க எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. நானும் அதத்தான் செய்வேன்."

"நானுந்தான் செய்வேன்," என்றாள் தாரணி. "ஒரு வாரத்துல எனக்கே தெரியுது."

"ஆனா பேரு வெச்சிருக்கான்ல? அத்தன பேர்ல வைத்தியக்காரிக்குத்தான உங்க பேரு வெச்சான்?"

"அந்தப் படகுல பொம்பள அவ ஒருத்திதான்."

அவள் கன்சோலை அணைத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, நேரே போய் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காரியத்தன்று வீடு நிறைந்திருந்தது. பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் சொந்தங்கள் வந்திருந்தன. ரேவதி நடுக்கூடத்தில் உட்கார்ந்து, வந்த ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னார். தன் உயிர் போகிறது என்று தெரிந்தும் மருந்தைத் தொடாமல் பொண்டாட்டிக்கு எடுத்து வைத்துவிட்டுப் போன மகனின் கதை அது. சொல்லச் சொல்ல அவர் முதுகு நிமிர்ந்தது. நிழலே எழுதிக் கொடுத்திருக்கிறது, அரசாங்க முத்திரையோடு இருக்கிறது என்றார். கேட்டவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாரணியைத் திரும்பிப் பார்த்தார்கள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று கண்டுபிடித்து, ரேவதியே ஓர் இட்லியைப் பிட்டு அவள் வாயில் ஊட்டினார்.

"தின்னு கண்ணு. உன்ன நல்லபடியா வெச்சுக்கணும் நானு. எனக்குன்னு அவன் விட்டுட்டுப் போனது நீதான்."

உடுமலைப் பெரியம்மா ஒருத்தி நகர்ந்து வந்து தாரணியின் தாடையைத் தொட்டாள். "அவ்வளவு ஆசையா கண்ணு உம்மேல? எங்க காலத்துல எவன் செஞ்சான் இப்படி. நெசந்தானா?"

பந்தலோரம் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டிருந்த ரக்ஷன் அப்படியே நின்று இவர்களைப் பார்த்தான்.

"நெசந்தாங்க," என்றாள் தாரணி.

ரேவதி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.